பரமக்குடியில் புலிக்கு எந்தத் தோட்டா?

வைகையில் வருஷத்தின் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். தென்கரையில் பரமக்குடி, வடகரையில் எமனேஸ்வரம். சுற்றுவட்டாரத்தில் மிளகாய், நெல், கண்மாய். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். யானை என்றால் கோயில் யானை, புலி என்றால் எப்போதாவது வந்து கூடாரம் போடும் சர்க்கஸ் புலி. இந்த ஊரில்தான் 1980களின் நடுவில், ஆட்கொல்லிப் புலிக்கு ஏற்ற தோட்டா எது என்ற விவாதம் அநேகமாகத் தினமும் நடந்தது. நடத்தியவர் என் சின்ன மாமா. இடம், மிளகாய்க் கமிஷன் மண்டியின் பின்கட்டு. ஏலம் முடிந்து, தும்மல் அடங்கி, பேரேட்டை மூடிவைத்த பிறகு சபை கூடும்.

மாமா அந்த மண்டியில் கணக்கப்பிள்ளை. காடு என்று அவர் பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னல் வழியாகத்தான். ஆனால் கென்னத் ஆண்டர்சனின் புத்தகங்கள் அவரிடம் இருந்தன, மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருந்தார். ஜிம் கார்பெட்டைத் தமிழிலேயே படித்தாயிற்று, தி.ஜ.ர. மொழிபெயர்த்த 'குமாயுன் புலிகள்'. கார்பெட் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது இமயமலை அடிவாரத்துப் புலி. யாரோ வீட்டு விசேஷம் மாதிரி எட்ட நின்று பார்க்க வேண்டியது. ஆண்டர்சன் அப்படியல்ல. 1910இல் பிறந்து 1974 வரை வாழ்ந்த பெங்களூர்க்காரர், ஸ்காட்லாந்து வம்சம், விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். அவர் புலியைத் தேடிப் போனது ஜவளகிரி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம். பஸ் ஏறினால் போய்விடலாம். "நம்ம சேலம் ஜில்லாப் புலி மாப்ளே" என்பார் மாமா. ராமநாதபுரம் ஜில்லாக்காரருக்குச் சேலம் ஜில்லா எப்படி 'நம்ம' ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. புலி இருக்கிற பக்கம் உறவு கொண்டாடிக்கொள்வதில் தப்பென்ன?

ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். விசைக்குக் கீழே வளையமாக ஒரு நெம்புகோல். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கூடு தெறித்து விழும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். குதிரை தானாகப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குதிரைக்காரர்களின் துப்பாக்கி வம்சத்தில் வந்தது. வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். மாமாவுக்கு அதன்மேல் வந்த காதலுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அவருக்கு நொட்டாங்கைப் பழக்கம். கார்பெட்டின் .275 ரிக்பியில் தாழ்ப்பாள் வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவன் ஒவ்வொரு தடவையும் கையைக் குறுக்கே கொண்டுபோய் இழுக்க வேண்டும், அதற்குள் புலி வந்துவிடும். நெம்புகோலுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. பேரேடு எழுதுவதிலிருந்து இலையில் சோறு பிசைவது வரை எல்லாவற்றிலும் ஊரார் திருத்த வந்த மனிதருக்கு, உலகத்தில் ஒரு யந்திரமாவது கையைப் பற்றிக் கேள்வி கேட்காமல் இருந்தது பெரிய ஆறுதல்.

எதிர்க்கட்சி ஒருவர்தான், பட்டாளத்தார். எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு ஒரு பட்டாளத்தார் உண்டு. இவர் .303 தூக்கிப் பனிமலையில் நின்றவர். "எதுக்கும் த்ரீ-நாட்-த்ரீ போதும் தம்பி" என்பதோடு அவர் வாதம் முடிந்துவிடும். மாமாவின் வாதம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இதெல்லாம் மனப்பாடம். .405 வெளிவந்தது 1904இல். 300 கிரெய்ன் குண்டு, அதாவது இருபது கிராமுக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 2,200 அடி வேகம். அதே கம்பெனியின் 1894 மாடலுக்கு வந்த .30-30க்கும் வேகம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் குண்டு 170 கிரெய்ன். மானுக்குச் சரி, புலிக்கு வருத்தம் தெரிவிக்கத்தான் ஆகும். இன்னொரு கோளாறும் உண்டு. 94இல் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பொட்டில் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். அதனால் சப்பை மூக்குக் குண்டுதான் போட வேண்டும். பிரவுனிங் 1895 மாடலில் குழாயை எடுத்துவிட்டு விசைக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தார், தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். அதற்குப் பிறகு கூர்மூக்கு, பெரிய மருந்து எதுவும் போடலாம். முதல் உலகப்போரில் ருஷ்யா தன் ராணுவத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் 1895 வாங்கியது இதனால்தான். 1909இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட், சிங்கத்துக்கென்று நம்பி எடுத்துப் போனதும் .405தான்.

"அப்ப யானைக்கு?" என்று பட்டாளத்தார் மடக்குவார்.

இங்கே மாமாவின் நேர்மையைச் சொல்ல வேண்டும். தன் கட்சிப் பலவீனத்தை மறைக்க மாட்டார். .405இன் குண்டு தடி, ஆனால் நீளம் கம்மி. தடிமனுக்குத் தக்க எடை இல்லாத குண்டு சதையில் பலமாக அடிக்கும், எலும்பைத் தாண்டி ஆழம் போகத் திணறும். காட்டெருமைக்கும் யானைக்கும் 400, 500 கிரெய்ன் கெட்டிக் குண்டு வேண்டும், இங்கிலாந்தின் இரட்டைக்குழல் வேண்டும். கார்பெட்டிடமே .275 தவிர .450/400 ஒன்று இருந்தது. ஆனால் அந்த இரட்டைக்குழல்களெல்லாம் துரைமார் தைத்துப் போடுகிற கோட்டு மாதிரி, அளவெடுத்துக் கையால் செய்தவை. உத்தியோகஸ்தன் சம்பளத்துக்கு அமெரிக்க ஆலைத் துப்பாக்கிதான் கட்டும். "புலியும் சிறுத்தையும் நாப்பது கஜத்துக்குள்ள வருது. பரண் மேல உக்காந்திருக்கிறவனுக்கு முந்நூறு கஜத்துல குண்டு எத்தனை அங்குலம் கீழ விழுந்தா என்ன? அவனுக்கு வேண்டியது ரெண்டாவது குண்டு. முதல் அடி தப்பிடுச்சுன்னா ரெண்டாவது." உதையைப் பற்றியும் சொல்வார். அந்த மட்டையின் அமைப்பு அப்படி. தோளில் படும் இடத்தில் வெறும் தகடு. .405 சுட்டவன் புலியை மறந்தாலும் தோளை மறக்க மாட்டான். மாமா எந்த ரைஃபிளையும் சுட்டதில்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது இடது தோளைத் தடவிக்கொள்வார்.

எங்கள் பையன்கள் கூட்டத்துக்கு வின்செஸ்டர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ், அதில் டெக்ஸ் வில்லர். ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா தெரிவதற்கு முன்னால் வின்செஸ்டர் தெரியும். மாமா அதையும் வாங்கிப் புரட்டி, ஒரு பக்கத்தில் சுட்ட வேட்டுகளை எண்ணி, "இத்தனை தோட்டா இவனுக்கு எந்தக் குழாயில கொள்ளும்?" என்று திருப்பித் தருவார். 1972 ஒரு விசித்திர வருஷம் என்று பின்னால் எனக்குத் தோன்றியதுண்டு. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது அந்த வருஷம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் தொப்பி மாட்டிக் குதிரையேறிய 'கங்கா'வும் 'ஜக்கம்மா'வும் அந்த வருஷம். நாடாளுமன்றம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே வருஷம். தமிழ்நாடு துப்பாக்கியை மனசார ரசிக்க ஆரம்பித்தபோது வேட்டைக்கு ஏறக்குறையக் கதவு சாத்தியாகிவிட்டது. மாமாவின் சபை நடந்ததெல்லாம் கதவு சாத்திப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு. மண்டியில் அதை யாரும் பொருட்படுத்தியதாக நினைவில்லை.

வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. தாத்தா காலத்துப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்கிய ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர். அதற்குக் கட்கி ஆலையின் சக்திமான் தோட்டா, எல்ஜி கொஞ்சம், எஸ்ஜி கொஞ்சம். வருஷத்துக்கு இத்தனைதான் வாங்கலாம் என்று லைசென்ஸ் புத்தகத்தில் கணக்கு. சோளக்காட்டில் கிளி விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டதைத் தவிர அது சாதித்தது ஒன்றுமில்லை. ஆனால் ஊரிலேயே அதிகம் பயணம் போன துப்பாக்கி அதுதான். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ்தாரர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 1989இல் ஜனவரியில் சட்டமன்றத்துக்கு ஒரு தேர்தல், நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று. 1991 ஜூனில் இரண்டுக்கும் சேர்த்து. துணியில் சுற்றி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்து மாமா கொண்டுபோவார், ரசீது வாங்குவார், முடிவு வந்த பிறகு போய் மீட்டு வருவார். திரும்பி வந்த அன்று குழலுக்குள் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைப்பது எங்கள் வேலை. யார் ஜெயித்தது என்பது அந்த வீட்டில் இரண்டாவது செய்தி.

மாமாவிடமிருந்து நான் கற்ற ஒரே பெரிய விஷயம், அவர் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. வேட்டைக்காரன் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதாக எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நம் நாட்டில் தேர்ந்தெடுத்தது எப்போதும் கோப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார சர்க்கார் .450 போர் தோட்டாவை இந்தியாவுக்குள் வரக்கூடாதென்று தடுத்தது. பழைய மார்ட்டினி-ஹென்றிப் பட்டாளத் துப்பாக்கிகளின் போரும் அதுவே. கலகக்காரர் கைக்கு மருந்து போய்விடும் என்ற பயம். லண்டன் கம்பெனிகள் பார்த்தன. துளையை ஒரு நூல் கூட்டி .470, .465 என்று புதிதாகச் செய்தன. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் யானைத் தோட்டா என்றால் முதலில் வாயில் வரும் .470, பிறந்தது ஓர் இந்தியக் கோப்பைச் சுற்றிப் போவதற்காக. பட்டாளத்தாரின் .303க்கும் அதே கதை. அது ராணுவத் தோட்டா, ஆகவே தடைசெய்யப்பட்ட போர், ஆகவே குடிமகனுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இச்சாப்பூர் ஆலை .315 செய்து விற்றது. அமெரிக்காவின் .405 எந்த ராணுவமும் தோளில் வைக்காத தோட்டா. சர்க்காருக்கு அதன்மேல் கோபம் வர முகாந்திரமில்லை. புலிக்கு ஏற்றது என்பது அப்புறம். கலெக்டர் ஆபீசுக்கு ஏற்றது என்பதில் அதற்குப் போட்டி குறைவு.

கோப்பும் ஆயுதமும் எங்கள் சீமைக்குப் பழைய பங்காளிகள். இந்தப் பக்கத்து மறவரும் கள்ளரும் மானுக்கும் முயலுக்கும் எறிந்தது வளரி என்ற வளைந்த கட்டை. மருந்து கெட்டிக்க வேண்டாம், கூடு பொறுக்க வேண்டாம். சின்ன மருது 1795இல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரிக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தார். 1801இல் மருதிருவரைத் தேடிக் காட்டுக்குள் போன படையில் அதே வெல்ஷும் இருந்தார். அந்த அக்டோபரில் திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்ட பிறகு, ஆயுதம் வைத்திருப்பதே குற்றம் என்று பிரகடனம் வந்தது. அதற்குப் பிறகு வந்த 1878 ஆயுதச் சட்டம், 1959 ஆயுதச் சட்டம் எல்லாம் அந்த வம்சத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளே. மாமா வளரியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கனெக்டிகட்டில் ஆலையடித்த துப்பாக்கி ஜவளகிரிக் காட்டுக்கு வந்த வழி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சொந்த ஊர்க் கண்மாய்க்கரையில் பறந்த கட்டை எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. அதைப் பற்றி ஆண்டர்சன் எழுதவில்லையே.

பேச்சு ஒரு நாளில் நின்றது. 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாள். ஐந்துமுனைச் சந்திப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. அதற்கப்புறம் பரமக்குடியில் துப்பாக்கி என்றால் அது ஒன்றுதான். வெளியூரில் ஊர் பேரைச் சொன்னால் அதைத்தான் கேட்டார்கள். மாமா அதற்குள் மண்டியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சபை கலைந்து, பட்டாளத்தாரும் காலமாகியிருந்தார். அடுத்த தடவை லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தபோது மாமா புதுப்பிக்கவில்லை. பன்னிரண்டு போரை ஒப்படைத்து, கடைசி ரசீதை வாங்கிப் பழைய ரசீதுகளோடு சேர்த்துக் குத்தூசியில் குத்திவைத்தார்.

இப்போது நிலைமை இன்னும் சுவாரசியம். வின்செஸ்டர் எல்லோர் கையிலும் இருக்கிறது. மாமாவின் பேரன் போனில் ஆடும் விளையாட்டில் 94 மாடல் வருகிறது. கீழே கிடக்கும் அதைப் பையன் பொறுக்குகிறான். நெம்புகோலைத் தள்ளும் சத்தம்கூடச் சரியாக இருக்கிறது. மாமா ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தத் தோட்டா என்று கேட்டார். ".45 ஏசிபி தாத்தா." மாமா முகத்தில் மண்டி நெருப்புப் பிடித்த களை. அது கைத்துப்பாக்கித் தோட்டா, அந்தக் கம்பெனி அந்த மாடலை அந்தத் தோட்டாவுக்குச் செய்ததே கிடையாது, விளிம்பில்லாத கூட்டை அது எப்படிப் பிடித்து இழுக்கும் என்று அரைமணி நேரம். பேரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேமேஜ் நல்லா இருக்கு தாத்தா" என்றான். நிஜத்திலும் .405 போய்த் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் முற்றுமுன்பே நின்றுபோன 1895 மாடலை 2000ஐ ஒட்டி ஜப்பானில் .405க்கென்று மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். ரூஸ்வெல்ட் பேரைச் சொல்லி அமெரிக்காவில் விற்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மாமா மாதிரிதான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

பெரிய மிருகமும் வந்துவிட்டது. புலியல்ல, காட்டுப்பன்றி. விறகுக்கென்று ஒரு காலத்தில் தூவிய சீமைக்கருவேலம் கண்மாய்க்குள்ளும் வரப்பு வரைக்கும் அடைந்து, பகலில் பன்றி படுக்க நல்ல நிழல். ராத்திரி கடலைக் காட்டில் இறங்கினால் விடியும்போது உழுது போட்ட மாதிரி. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் இதே புலம்பல்தான். மண்டிச் சபை கூடிய நாளில் தோட்டா இருந்தது, ஆளிருந்தது, அபிப்பிராயம் இருந்தது, மிருகம் இல்லை. இன்றைக்கு மிருகம் கூட்டமாக நிற்கிறது. 2025இல் அரசு வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடக்கூடாது. மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் என்றால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற அரசு ஆட்கள் மட்டும். காப்புக்காடே கண்ணில் படாத எங்கள் பக்கம் மூன்றாவது வகைதான் என்று மாமா உடனே கண்டுபிடித்துவிட்டார்.

கடலை போட்டிருந்த என் பெரியம்மா மகன் மனு கொடுக்க, பார்க்க வந்த வனக்காப்பாளர் சின்னப் பையன். எண்பதைத் தாண்டிய மாமா சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எத்தனை கஜத்துல சுடுவீங்க? என்ன போர்?"

"ஐயா, அதுக்கு மொதல்ல கமிட்டி கூடணும். தலைவர், வி.ஏ.ஓ. எல்லாரும் இருக்கணும்."

"அதுவரைக்கும்?"

"சுத்தி பழைய சேலை கட்டுங்க. கட்டினா வராது."

நான்கு குச்சிக்கு ஒரு சேலை. நெசவு ஊரில் பழைய சேலைக்கா பஞ்சம்? அங்கேயே வரப்பில் சபை கூடிவிட்டது. சிவப்புதான் மிரட்டும் என்றான் பெரியம்மா மகன். நைலக்ஸ் காற்றுக்குப் படபடக்கும், அந்தச் சத்தத்துக்கே ஓடும் என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். மாமா இருவரையும் கையமர்த்தினார்.

"பன்னிக்கு நெறம் ஒரு கணக்கே இல்ல. அது மூக்கால பாக்குற மிருகம். கட்டிப் பழசான நூல் சேலையா இருக்கணும், தொவைக்காம கட்டணும். மனுச வாடை நூல்ல தங்குற மாதிரி நைலக்ஸ்ல தங்காது. காத்து மேக்க இருந்து அடிச்சா கெழக்கு வரப்புல பன்னி வரும், அதனால மேவரப்புல ரெண்டு சேலை கூட..."

வனக்காப்பாளர் நோட்டை மூடிவிட்டுப் பைக்கை எடுத்தார். மாமா இன்னும் வடவரப்புக்கு வரவில்லை.